காசில் முகம் இல்லை, 'விடுதலை' இருக்கிறது: ரோம் ஆட்சியில் யூதர்கள் அடித்த நாணயங்கள்

பழங்காசு_முத்து எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு செப்புக்காசுகள் பல மாதமாக என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

முதலாவது கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் இரண்டு கைப்பிடி வைத்த ஜாடி, சுற்றிலும் "இரண்டாம் ஆண்டு" என்ற எழுத்து. மறுபக்கம் ஒரு திராட்சை இலை, சுற்றிலும் "சீயோனின் விடுதலை" (சீயோன் என்றால் எருசலேம்தான்). எருசலேமில் ரோமுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது கி.பி. 66இல். அதிலிருந்து எண்ணினால் இது 67–68. அடுத்த ஆண்டும் இதே காசு, இதே வாசகம்.

இரண்டாவது காசு நான்காம் ஆண்டில், அதாவது 69–70இல் வந்தது. அளவு பெரிது. பேரீச்ச மரம், கூடை, யூதர்கள் கூடாரப் பண்டிகைக்குக் கையில் பிடிக்கும் ஓலைக்கட்டு என்று படங்களும் மாறிவிட்டன. ஆனால் என்னை நிறுத்தியது வாசகம்தான்: "சீயோனின் மீட்புக்காக".

விடுதலை என்பது நாமே எடுத்துக்கொள்வது. மீட்பு என்றால் வேறொருவர் வந்து நம்மை மீட்க வேண்டும். எபிரேயத்திலும் 'ஹெருத்', 'கெஉலா' என்று அவை தனித்தனிச் சொற்கள். 68க்குள் கலிலேயா முழுவதும் விழுந்துவிட்டது. 70 வசந்தத்தில் ரோமத் தளபதி டைட்டஸின் படைகள் எருசலேமைச் சுற்றி வளைத்தன, ஆகஸ்டில் அங்கிருந்த யூதர்களின் ஆலயம் எரிந்தது. கையை மீறிப் போகிறது, இனிக் கடவுள்தான் என்று அந்த ஊர் நினைத்ததை இந்தக் காசு சொல்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் காசுகளில் பூவா தலையா போட முடியாது. தலையே கிடையாது, இரண்டு பக்கமும் பூதான். ஊரெங்கும் பேரரசர் முகம் போட்ட காசு புழங்கிய காலத்தில், முகமே இல்லாமல் ஒரு காசு. உங்கள் கருத்துகளைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

---

திருச்சி_ராஜா எழுதியது:

நல்ல இழை முத்து அண்ணா. ஒரே ஒரு கேள்வி. அந்த எழுத்தை அன்றைக்கு யார் படித்திருப்பார்கள்? மீன் விற்பவருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் ஹெருத்துக்கும் கெஉலாவுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்குமா? அதுவும் நகம் அளவு காசில்! வாசகத்தை வைத்து ஊர் மனநிலையைச் சொல்வது கொஞ்சம் துணிச்சலான முடிவாகப் படுகிறது.

---

எழுத்தாணி எழுதியது:

ராஜா கேட்டது சரியான கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அது எந்த எழுத்து?

அன்றைக்கு எருசலேமில் ஆவணம், கடிதம், கல்லறைப் பெயர் எல்லாம் அரமேயத்திலிருந்து வந்த சதுர எழுத்தில்தான் எழுதினார்கள். இன்று எபிரேயம் என்று நாம் பார்ப்பது அதன் வழிவந்ததுதான். காசில் இருப்பதோ தாவீது வம்ச அரசர்கள் காலத்துப் பழைய எபிரேய எழுத்து. அன்றாட வழக்கிலிருந்து அது மறைந்து பல நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று ஒருவர் தமிழ்-பிராமியில் "விடுதலை" என்று அச்சடித்துக் கையில் கொடுத்தால் நம்மில் எத்தனை பேர் எழுத்துக்கூட்டிப் படிப்போம்? ஆனால் "இது நம் பாட்டன் முப்பாட்டன் எழுத்து" என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். அந்தக் காசும் அப்படித்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு செய்தி, தெரியாதவருக்கு அந்த எழுத்தின் உருவமே செய்தி.

இதைக் கிளர்ச்சிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு முன்பு ஆண்ட யூத அசமோனிய வம்ச அரசர்களும் பழைய எழுத்தில் காசு அடித்தவர்கள்தான். அலெக்சாண்டர் யன்னாய் ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் எபிரேயமும் போட்டார். அந்த வரிசையின் கடைசி அரசர் மத்தத்தியா அந்திகோனஸ். கி.மு. 40 முதல் 37 வரை மூன்றே ஆண்டு ஆட்சி. ரோமின் ஆதரவோடு ஏரோது படையெடுத்து வருகிறான். அந்த நெருக்கடியில் இவர் அடித்த காசில் ஒரு பக்கம் ஆலயத்தின் ஏழு கிளைக் குத்துவிளக்கு, மறுபக்கம் சமுகத்தப்ப மேசை, அதாவது கடவுளின் முன்னால் அப்பம் வைக்கும் மேசை. ஏழு கிளை விளக்கு நாணயத்தில் வந்தது அதுவே முதல் தடவை. இரண்டும் ஆலயத்துக்குள், ஆசாரியர்கள் மட்டும் போகும் இடத்தில் இருந்தவை. இவர் தலைமை ஆசாரியரும்கூட. "ஏரோது ரோம் கொடுத்த ராஜா, நான் இந்த விளக்கின் முன்னால் நிற்கும் உரிமை உள்ளவன்" என்று படத்தாலேயே சொல்லியாயிற்று. எருசலேம் விழுந்ததும் மார்க் அந்தோனி அவரை அந்தியோகியாவில் தலையை வெட்டிக் கொன்றார்.

---

நெல்லை_ஆசிரியர் எழுதியது:

முத்து தம்பிக்கு நன்றி. பள்ளியில் வரலாறும் ஞாயிறு பள்ளியில் வேதமும் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் வேதாகமத்தில் "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது" என்று இயேசு கேட்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். இராயனுடையது, அதாவது ரோமப் பேரரசருடையது என்கிறார்கள். அந்தப் பணம் அன்றைய பேரரசர் டிபேரியஸின் வெள்ளி தெனாரியம் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதன் மேலெழுத்து டிபேரியஸை "தெய்வ அகஸ்துவின் மகன்" என்றும், மறுபக்கம் தலைமைப் பூசாரி என்றும் சொல்கிறது. கடவுள் ஒருவரே என்று தினமும் சொல்கிறவன் மடியில் இன்னொரு கடவுளின் மகனை முடிந்துகொண்டு சந்தைக்குப் போக வேண்டும். வரி கட்டுவதில் இருந்த வேதனை பணத்தின் வேதனை மட்டும் இல்லை.

இதில் பெரிய முரண் ஒன்றும் உண்டு. ஆலயத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் அரைச் சேக்கல் (சேக்கல் என்பது வெள்ளி அளவு) காணிக்கைக்கு ஏற்கப்பட்டது தீரு பட்டணத்தின் வெள்ளிக்காசு. அதில் ஒரு பக்கம் மெல்கார்ட் என்ற தீருவின் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. வெள்ளி சுத்தமாகவும் எடை மாறாமலும் இருந்ததால் அதை வாங்கினார்கள். ஆலய முற்றத்தில் காசுக்காரர்கள் பலகை போட்டு உட்கார்ந்திருந்ததே இந்தக் காசை மாற்றிக்கொடுக்கத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 66ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கிளர்ச்சிக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் தொடங்கிய முதல் வேலைகளில் ஒன்று வெள்ளிச் சேக்கலும் அரைச் சேக்கலும் அடிப்பது. தீருக் காசுக்குச் சற்றும் குறையாத வெள்ளி, ஏறக்குறைய 14 கிராம். முன்பக்கம் ஆலயக் கிண்ணம், "இஸ்ரவேலின் சேக்கல்". பின்பக்கம் ஒரே காம்பில் மூன்று மாதுளை மொட்டு, "பரிசுத்த எருசலேம்". தீருவின் காசில் கிரேக்கத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "பரிசுத்தமான, யாரும் அத்துமீறக்கூடாத தீரு". இத்தனை காலம் ஆலயத்துக்குள் வந்த ஒவ்வொரு காசும் இன்னொரு ஊரைப் பரிசுத்தம் என்று சொல்லிக்கொண்டு வந்தது. அதே இடத்தில் இவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைப் போட்டார்கள். ரோமுக்குச் சொன்னதைவிட இது தங்கள் கடவுளின் வாசலில் வைத்த சொல் என்றே எனக்குத் தோன்றும்.

அப்புறம் ரோம ஆளுநர் பிலாத்து. ரோம் அனுப்பிய ஆளுநர்கள் யூதேயாவுக்கென்று அடித்த செப்புக்காசில் பேரரசர் முகம் இருக்காது. வாற்கோதுமைக் கதிர், பேரீச்ச மரம், திராட்சை இலை இப்படித்தான் போட்டார்கள். இந்த மக்கள் உருவங்களைப் பொறுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிலாத்து மட்டும் டிபேரியஸின் 16, 17, 18ஆம் ஆண்டுகளில் அடித்த காசுகளில் ரோமப் பூசைச் சாமான்களைப் போட்டான். ஒன்றில் பலிக்குத் திராட்சரசம் ஊற்றும் நீள்பிடிக் கரண்டி, நம்மூர் உத்தரணி போல. மற்றவற்றில் சகுனம் பார்க்கும் பூசாரியின் முனை வளைந்த கோல். இது வேண்டுமென்றே செய்த சீண்டல் என்பது என் கருத்து.

---

திருச்சி_ராஜா எழுதியது:

ஆசிரியர் ஐயா, தீரு – எருசலேம் ஒப்பீடு அருமை. அதை நான் யோசித்ததே இல்லை.

பிலாத்து விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கரண்டி போட்ட அதே காசின் மறுபக்கத்தில் மூன்று வாற்கோதுமைக் கதிர் இருக்கிறது. பழைய ஆளுநர்கள் போட்ட அதே சமாச்சாரம். கோல் போட்ட காசில் மறுபக்கம் இலை மாலைக்குள் ஆண்டு எண். முகம் போடவில்லை. சீண்ட நினைத்திருந்தால் டிபேரியஸின் தலையைப் போட்டிருக்கலாமே, யார் தடுத்தது? தன் பேரரசருக்குப் பிடிக்கும், இவர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்துப் போட்டிருக்கலாம். ரோமில் அந்தக் கரண்டியும் கோலும் சர்வசாதாரணமான காசுச் சின்னங்கள்.

---

நெல்லை_ஆசிரியர் எழுதியது:

ராஜா, நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் இதே பிலாத்துதான் இரவோடு இரவாகப் பேரரசர் உருவம் பொறித்த படைக்கொடிகளை எருசலேமுக்குள் கொண்டுவந்தவன். மக்கள் ஆளுநர் இருந்த செசரியா வரை நடந்து போய் ஐந்து நாள் அவன் மாளிகை முன்னால் விழுந்து கிடந்தார்கள். படைவீரர்கள் வாளை உருவியதும் கழுத்தை நீட்டினார்கள், வெட்டிக்கொள் என்று. கடைசியில் கொடிகளைத் திருப்பி அனுப்பினான் என்று அந்த நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அந்த மனிதன் காசு அச்சில் என்ன வெட்டுகிறார்கள் என்று யோசிக்காமல் விட்டிருப்பான் என்று என்னால் ஏற்க முடியவில்லை. முகம் போட முடியாது, அது கொடி விஷயத்தில் தெரிந்துபோயிற்று. எவ்வளவு தூரம் போகலாம் என்று ஆழம் பார்த்த காசு அது.

---

எழுத்தாணி எழுதியது:

இடையில் ஒன்று. முகம் போடுவது, போடாமல் விடுவது என்பதை மிக நுணுக்கமாகக் கையாண்டவர் ஏரோதின் பேரன் முதலாம் அகிரிப்பா (41–44). எருசலேம் பக்கம் புழங்க அடித்த காசில் முகம் இல்லை. ஒரு குடை மட்டும், ஓரத்தில் குஞ்சலம் தொங்கும் அரசக் குடை. மறுபக்கம் மூன்று வாற்கோதுமைக் கதிர். வெண்கொற்றக்குடை பாடிய மொழிக்காரர்களுக்கு அந்தக் குடைக்கு விளக்கம் தேவையில்லை. அதே அகிரிப்பா, யூதரல்லாதோர் நிறைந்த செசரியாவில் அடித்த காசில் தன் முகத்தையே போட்டுக்கொண்டார். ஒரே ராஜா, ஊருக்கு ஒரு காசு.

---

கோவை_கீதா எழுதியது:

நான் காசு ஆராய்ச்சி எல்லாம் படித்தவள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு சபையிலிருந்து எருசலேம் பயணம் போனோம். மற்றவர்கள் கடைவீதிக்குப் போன மத்தியானத்தில் நான் மட்டும் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பார்த்த ஒரு காசை மறக்க முடியவில்லை. முத்து அண்ணா சொல்லும் கிளர்ச்சி இல்லை, அதற்கு 60 ஆண்டு கழித்து, பார் கோக்பா என்பவர் தலைமையில் ரோமுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியின் வெள்ளிக்காசு.

விரல் நுனியில் வைக்கலாம், அவ்வளவு சின்னது. நடுவில் ஒரு திராட்சைக் குலை. அழகாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். குலைக்குப் பக்கத்தில், விளிம்பை ஒட்டி, வேறு எழுத்து. லத்தீன் எழுத்தின் கால்கள் மட்டும் தெரிகின்றன. தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து வெளிச்சம் படும்படி பார்த்தால், குலையின் கீழே ஒரு மனிதனின் பிடரியும் தலைமாலையின் நாடா முடிச்சும் மங்கலாக எழும்பி நிற்கின்றன. ரோமப் பேரரசரின் தலை! அந்தத் தலைக்கு மேலேயே திராட்சைக் குலையை அடித்திருக்கிறார்கள். முழுதாக அழியவில்லை. ஒரு காதுமடல் இன்னும் இருக்கிறது.

அங்கேயே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காவலர் வந்து மூடும் நேரம் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். அந்தச் சுத்தியலை ஓங்கியவனின் கை எனக்குத் தெரிந்தது போல இருந்தது.

---

பழங்காசு_முத்து எழுதியது:

கீதா அம்மா, இந்த இழையில் இதைவிட நல்ல பதிவு வராது. நீங்கள் பார்த்தது மிகச் சரி. 132 முதல் 135 வரை நடந்த அந்தக் கிளர்ச்சியில் புதிதாக வார்த்த தகடே கிடையாது. புழக்கத்தில் இருந்த காசுகளை வாங்கி அதன் மேலேயே தங்கள் அச்சை அடித்தார்கள். வெள்ளி என்றால் நேரே மேலச்சு. பெரிய செப்புக்காசு என்றால் முதலில் அரத்தால் ராவி முகத்தைத் தேய்த்துவிட்டு அப்புறம் அச்சு. அரம் போன கோடுகள் இன்றும் சில காசுகளில், களிம்புக்கு அடியில், தெரியும்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது, மறுக்கவில்லை. அவர்களிடம் வெள்ளிச் சுரங்கமும் இல்லை, உருக்கி எடை பார்த்துத் தகடு செய்ய அவகாசமும் இல்லை. ஆனால் தன் கையில் இருக்கும் பேரரசரின் முகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்குத் திராட்சைக் குலையோ யாழோ வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு அது வெறும் உலோகச் சிக்கனமாகத் தெரிந்திருக்காது.

பெரிய வெள்ளிக்காசில் அவர்கள் போட்டது ஆலயத்தின் முகப்பு. நான்கு தூண், நடுவில் பெட்டியா மேசையா என்று இன்றும் விவாதிக்கிற ஒரு பொருள். அந்த ஆலயம் எரிந்து 62 ஆண்டு ஆகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கிழவர்களாக எங்கோ சிலர் இருந்திருக்கலாம். கதையாகக் கேட்ட கட்டடத்தை வெள்ளியில் வெட்டியிருக்கிறார்கள். மறுபக்கம் பேரீச்ச ஓலைக்கட்டும் நார்த்தங்காய் இனத்துப் பழமும். 1960இல் தொல்லியலாளர் யாதீன் தலைமையிலான குழு யூதேயப் பாலைவனக் குகை ஒன்றில் பார் கோக்பாவின் கடிதங்களைக் கண்டெடுத்தது. அதில் ஒன்றில், கூடாரப் பண்டிகைக்காகப் பேரீச்ச ஓலையும் அந்தப் பழமும் கட்டி அனுப்பு, மிர்த்துச் செடியும் ஆற்றலரியும் வேறு ஆள் விட்டு எடுத்துக்கொள் என்று இரண்டு கழுதைகளை அனுப்புகிறார். போர் முகாமுக்கு! காசில் இருந்த படம் வெறும் அலங்காரம் இல்லை.

இப்போது என் பழைய கட்சிக்கே ஓர் இடி. இந்தக் காசுகளின் வாசகத்தைப் பாருங்கள். முதல் ஆண்டு "இஸ்ரவேலின் மீட்பு". இரண்டாம் ஆண்டு "இஸ்ரவேலின் விடுதலை". அப்புறம் ஆண்டு போடாமல் "எருசலேமின் விடுதலைக்காக". அதாவது முதல் கிளர்ச்சிக்கு நேர் தலைகீழ். நம்பிக்கை போனால்தான் 'மீட்பு' என்று எழுதுவார்கள் என்றால், இவர்கள் முதல் ஆண்டிலேயே ஏன் அதை எழுத வேண்டும்?

---

எழுத்தாணி எழுதியது:

"கையை மீறிப் போகிறது, இனிக் கடவுள்தான்" என்று முத்து தொடக்கத்தில் எழுதியதைத்தான் நான் சந்தேகிக்கிறேன். மூன்று காரணம் சொல்கிறேன்.

வெள்ளிச் சேக்கலின் வாசகம் மாறவே இல்லை. முதல் ஆண்டில் "பரிசுத்த எருசலேம்", ஆலயம் எரிவதற்குச் சில மாதம் முன்பு அடித்த ஐந்தாம் ஆண்டுக் காசிலும் "பரிசுத்த எருசலேம்". அந்த ஐந்தாம் ஆண்டுச் சேக்கல் மிக அரிது. கிளர்ச்சிக்காரர்கள் கடைசியாகப் பிடித்து வைத்திருந்த மசாதாக் கோட்டையில்கூடக் கிடைத்தது. ஊரே நம்பிக்கை இழந்தது என்றால் வெள்ளியிலும் தெரிந்திருக்க வேண்டும். மாறியது செம்பில் மட்டும்தான்.

அப்படியானால் செம்பு அடித்தவர்கள் வேறு ஆட்களாக இருக்கலாம். 69 வசந்தத்தில் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான சீமோன் பார் கியோரா தன் ஆட்களோடு எருசலேமுக்குள் வந்தார். அதற்கு முன்பே அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்துப் பெருங்கூட்டம் சேர்த்தவர். நான்காம் ஆண்டுச் செப்புக்காசு அவர் தரப்பினுடையது என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். அப்படி என்றால் வாசக மாற்றம் மனம் தளர்ந்ததால் வந்ததில்லை, கட்சி மாறியதால் வந்தது. அது தளர்ச்சியே இல்லை, கொதிப்பு. இதோ கடைசிக் காலம் வந்துவிட்டது, கடவுள் இறங்குகிறார் என்று நம்புகிறவன் எழுதும் சொல் அது. பார் கோக்பாவும் அதே சூட்டில்தான் தொடங்கினார். முதல் ஆண்டு 'மீட்பு' பொருந்துகிறது.

கடைசியாக, 69–70 செப்புக்காசில் பாதி, கால் என்று மதிப்பு எழுதியிருக்கிறது. முற்றுகை நெருங்கும்போது வெள்ளி குறைகிறது. செம்பையே சேக்கலின் பகுதியாக வாங்கிக்கொள் என்று கேட்கிறார்கள். உலோகத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. அந்த இடைவெளியை நிரப்புவது அந்த வாசகம்தான். 'மீட்புக்காக' என்பதில் உள்ள 'காக'வைக் கவனியுங்கள். ரொட்டிக்காரர் அந்தக் காசை வாங்கினால் அவரும் அதற்காகக் கொடுத்தவர் ஆகிறார்.

---

பழங்காசு_முத்து எழுதியது:

'காக' என் கண்ணில் படவே இல்லை. நான் சொல்லை மட்டும் பார்த்தேன், வேற்றுமையைப் பார்க்கவில்லை. முதல் பதிவில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்காமல் விடுகிறேன், விவாதம் எங்கிருந்து வந்தது என்று தெரியட்டும்.

---

கருவூர்_காசு எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்ன டிபேரியஸ் தெனாரியம் பற்றிச் சின்னத் தகவல். தென்னிந்தியாவில், குறிப்பாக எங்கள் கொங்குப் பகுதியில், புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக்காசுகளில் மிக அதிகம் வருவது இரண்டு வகை. ஒன்று அகஸ்து தன் பேரர்களுக்காக அடித்தது. இன்னொன்று இதே டிபேரியஸ் காசு, தலைமைப் பூசாரி என்ற மேலெழுத்தோடு. எருசலேமில் மனதை அறுத்த அதே வாசகம் இங்கே மிளகுக்கு விலையாக வந்து பானைக்குள் உறங்கியிருக்கிறது. இங்கே யாருக்கும் அது உறுத்தவில்லை.

ஆனால் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. அதை எதிர்ப்பு என்று யாரும் சொல்வதில்லை. புழக்கத்திலிருந்து நீக்கவே வெட்டினார்கள் என்பது பரவலான விளக்கம். முகத்தில் அடி விழுந்தாலே அரசியல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

---

நெல்லை_ஆசிரியர் எழுதியது:

பொருத்தமான எச்சரிக்கை, நன்றி.

எதிர்த்தரப்பு பேசியதையும் பார்க்க வேண்டும். 70க்குப் பிறகு பேரரசர் வெஸ்பாசியன் அடித்த "யூதேயா பிடிபட்டது" காசுகள். பொன், வெள்ளி, செம்பு மூன்றிலும் வந்தன. நடுவில் ஒரு பேரீச்ச மரம். அதன் அடியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் பெண். சிலவற்றில் மறுபுறம் கைகளைப் பின்னால் கட்டிய கைதி, சிலவற்றில் ஈட்டியோடு நிற்கும் பேரரசர். பேரரசின் மறுகோடியில் இருந்தவனுக்கும் புரியும் படம், எழுத்தே வேண்டாம்.

அந்த மரத்தைக் கவனியுங்கள். 6ஆம் ஆண்டு வந்த முதல் ஆளுநர் கொப்போனியுஸ் காசிலும் அது இருக்கிறது, குலை தள்ளிய மரமாக. 69–70இல் கிளர்ச்சிக்காரர்கள் கூடையோடு போட்டார்கள். அடுத்த ஆண்டே ரோம் அதை எடுத்து அதன் அடியில் அழும் பெண்ணை உட்கார வைத்தது. 132இல் பார் கோக்பாவின் ஆட்கள் அதே மரத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஏழு ஓலை, இரண்டு பழக்குலை, கீழே "சீமோன்" என்ற பார் கோக்பாவின் சொந்தப் பெயர். அந்தப் பெண் அங்கே இல்லை. 60 ஆண்டு ரோமக் காசைப் புழங்கிய ஒருவர் அந்தச் செம்பைக் கையில் வாங்கும்போது, காலியான அந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டாரா?

இன்னொன்றும் உண்டு, அது எனக்கு மிகவும் வலிக்கும் காசு. ஆலயம் போன பிறகு அரைச் சேக்கல் காணிக்கை நிற்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு திராக்மா என்று வரியாக்கி, ரோமின் யூப்பித்தர் கோயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். முன்பு வயது வந்த ஆண்கள் மட்டும் கட்டியதைப் பெண்களும் குழந்தைகளும் கட்ட வேண்டியதாயிற்று. பேரரசர் தொமிஷியன் காலத்தில் 90 வயதுக் கிழவர் ஒருவரை நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஆடை அவிழ்த்து விருத்தசேதனம் இருக்கிறதா என்று சோதித்ததைத் தான் இளவயதில் கண்டதாக ரோம எழுத்தாளர் சுவெத்தோனியஸ் எழுதுகிறார். 96இல் அடுத்த பேரரசர் நெர்வா ஆட்சிக்கு வந்ததும் ஒரு காசு அடித்தார்: "யூத வரியின் பெயரால் நடந்த பொய்க்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது". நடுவில் அதே பேரீச்ச மரம், தனியாக. வரி போகவில்லை, அதன் பெயரால் நடந்த கொடுமை மட்டும் நின்றது. அதற்கும் ஒரு காசு அடிக்க வேண்டியிருந்தது என்றால் அந்தக் கொடுமை எவ்வளவு பரவியிருக்க வேண்டும்!

---

திருச்சி_ராஜா எழுதியது:

ஐயா, அந்த மரம் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தேன்.

பார் கோக்பா காசில் "எருசலேமின் விடுதலைக்காக" என்று வருவதால் அவர் எருசலேமைப் பிடித்துவிட்டார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஆனால் எருசலேமில் தோண்டிக் கிடைத்த பல்லாயிரம் காசுகளில் பார் கோக்பா காசு விரல்விட்டு எண்ணும் அளவுதான். யூதேய மலைகளிலும் குகைகளிலும் கொத்துக் கொத்தாகக் கிடைக்கிறது, எருசலேமில் இல்லை. ஆக அது செய்தி அறிவிப்பு இல்லை, ஆசை. எழுத்தாணி சொன்ன 'காக' இங்கேயும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த நேரத்தில் எருசலேம் இருந்த இடத்தில் பேரரசர் ஹாத்ரியான் தன் குடும்பப் பெயரையும் யூப்பித்தரின் பெயரையும் சேர்த்து ஏலியா கபித்தோலினா என்ற ஊரை நிறுவிக்கொண்டிருந்தார். அதற்கும் காசு இருக்கிறது: காளையும் பசுவும் பூட்டிய ஏரை ஓட்டி ஊர் எல்லையை உழுகிறார். அந்த ஊர் கிளர்ச்சிக்குக் காரணமா, தண்டனையா என்று நெடுங்காலமாக விவாதம். பழங்கால வரலாற்றாசிரியர்களில் காசியஸ் தியோ காரணம் என்கிறார், யூசேபியஸ் பிறகு வந்தது என்கிறார். ஏலியா காசும் பார் கோக்பா காசும் பாலைவனக் குகைகளில் ஒன்றாகவே கிடைத்திருப்பதால் தியோ பக்கம்தான் கனக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே ஊரின் பெயருக்காகக் காசில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

தோற்ற பிறகு அந்தக் காசுக்கு என்ன ஆயிற்று என்பதும் முக்கியம். எருசலேம் தல்மூது என்ற யூதச் சட்ட நூலில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: "கலகம் செய்த காசு". தசமபாகப் பணத்துக்கு அது செல்லாது என்று தீர்ப்பு. மனிதர்கள்தான் கலகம் செய்வார்கள், இங்கே காசே செய்திருக்கிறது. ரோமப் படை முகாம்கள் இருந்த ஐரோப்பிய ஊர்களிலும் சில கிடைத்திருக்கின்றன. வென்ற வீரர்கள் நினைவாக எடுத்துப் போனார்கள் போல. துளை போட்டுக் கழுத்தில் மாட்டிய பார் கோக்பா காசும் உண்டு.

---

கோவை_கீதா எழுதியது:

துளை என்றதும் ஞாபகம் வந்தது. அதே பயணத்தில் பழைய நகரில் ஒரு கடையில் "கிளர்ச்சிக் காலச் சேக்கல்" என்று ஒன்று வாங்கினேன். கிண்ணம் இருக்கிறது, மாதுளை இடத்தில் இலையோடு ஒரு கிளை. சான்றிதழும் கொடுத்தார்கள். எழுத்தாணி எழுதியதைப் படித்த பிறகு எடுத்துப் பார்த்தால், எழுத்து சதுரமாக இருக்கிறது, அங்கே கடைப் பலகையில் பார்த்த எழுத்து போலவே. ஏமாந்துவிட்டேனா?

---

எழுத்தாணி எழுதியது:

அக்கா, ஆமாம். உண்மைச் சேக்கலில் சதுர எழுத்து வராது. இந்த மாதிரிப் போலிகளை யாத்திரிகர்களுக்காக ஐரோப்பாவிலேயே பல நூறு ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார்கள். உங்களுக்கு முன்பு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். வருத்தப்படாதீர்கள்.

அந்தப் பயணத்தில் மிச்சமான சில்லறை ஏதாவது இருக்கிறதா? இன்றைய இஸ்ரேலின் 10 அகோரா காசு இருந்தால் திருப்பிப் பாருங்கள், அதில் இருக்கும் ஏழு கிளை விளக்கு மத்தத்தியா அந்திகோனஸ் காசிலிருந்து எடுத்தது. 10 ஷெக்கல் காசு இருந்தால் இன்னும் நல்லது. வெளிவட்டம் வெள்ளை, நடு மஞ்சள். அதில் பேரீச்ச மரம், கூடை. வாசகம் இரண்டு எழுத்திலும் இருக்கும்.

---

கோவை_கீதா எழுதியது:

பயணப்பையின் பக்க உறையில் ஒரு 10 ஷெக்கல் கிடைத்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலருகே வைத்துப் பார்த்தேன். மரம், இரண்டு கூடை. ஒரு வரி கடைப் பலகை எழுத்து. இன்னொரு வரி கோழி கீறியது போல இருக்கிறது. அதுதான் பழைய எழுத்தா? வலது ஓரத்தில் முதல் எழுத்து தூண்டில் முள் போல வளைந்திருக்கிறது.

---

எழுத்தாணி எழுதியது:

அதேதான் அக்கா. அந்தத் தூண்டில் முள் 'ல'. ஆசிரியர் ஐயாவுக்குத் தெரிந்திருக்கும், 119ஆம் சங்கீதத்தின் பகுதிகளுக்குத் தலைப்பாக வரும் எபிரேய எழுத்துப் பெயர்களில் ஒன்று அது. எபிரேயத்தில் 'காக' என்ற பொருளை அந்த ஓர் எழுத்துதான் தரும். சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும்.

---

கோவை_கீதா எழுதியது:

அப்படியானால் நான் படித்துவிட்டேன்.

---

பழங்காசு_முத்து எழுதியது:

படித்துவிட்டீர்கள் அம்மா. முழு வாசகம் "சீயோனின் மீட்புக்காக". நான் இந்த இழையைத் தொடங்கிய நான்காம் ஆண்டுச் செப்புக்காசில் இருப்பதும் அதுதான். உங்கள் கையில் இருப்பதைப் படம் எடுத்துப் போட முடியுமா? பழைய காசின் படத்தை நான் பக்கத்தில் வைக்கிறேன்.